க்ரீம் பிரிந்துபோகாமல் இருக்க: எமல்சிஃபையிங் வாக்ஸை எப்படி வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் மூன்றையும் சேர்த்து அடித்தால் க்ரீம் ரெடி என்று காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. அடித்து முடித்தவுடன் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சில நாள் கழித்து டப்பாவைத் திறந்தால் ஓரத்தில் தண்ணீர் கசிந்து நிற்கும், நடுவில் மெழுகு திட்டுத்திட்டாகக் கிடக்கும். காரணம், தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்குமே தவிர தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடித்து வைக்காது. அந்தக் காலத்து கோல்ட் க்ரீமில் தேன்மெழுகு இருந்ததே என்று கேட்டால், அதில் போராக்ஸும் சேர்த்திருப்பார்கள். மெழுகில் இருக்கும் கொழுப்பு அமிலமும் போராக்ஸும் சேர்ந்து ஒருவகை சோப்பாக மாறும், பிடித்து வைத்தது அந்த சோப்புதான்.

எனவே எமல்சிஃபையர் என்று தனியாக ஒன்று வேண்டும். அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும், இன்னொரு முனை எண்ணெயை நாடும். எண்ணெய்த் துளிகளைச் சுற்றி நின்று அவை ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்ளும். புதிதாகச் செய்பவர்களுக்கு எளிது எமல்சிஃபையிங் வாக்ஸ். வெள்ளைச் செதில்களாகவோ மணிகளாகவோ கிடைக்கும்.

வாங்கும்போதுதான் கவனம் தேவை, ஏனென்றால் ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு விற்கிறது. பிரிட்டிஷ் பார்மகோபியா (பிரிட்டனின் மருந்துத் தர நூல்) சொல்லும் சாதாரண எமல்சிஃபையிங் வாக்ஸில் 10-ல் 9 பங்கு சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் (மெழுகுபோன்ற கொழுப்பு ஆல்கஹால்), 1 பங்கு சோடியம் லாரில் சல்ஃபேட் (நுரைக்கும் சலவைப்பொருள் வகை). அதே நூலில் உள்ள சீட்டோமேக்ரோகால் எமல்சிஃபையிங் வாக்ஸில் 80 சதவீதம் சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால், 20 சதவீதம் சீட்டோமேக்ரோகால் 1000 என்ற எமல்சிஃபையர். முகத்திலும் கையிலும் பூசி அப்படியே விடும் க்ரீமுக்கு இரண்டாவதை எடுங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் தோலை உறுத்தக்கூடியது. அது கலந்த அக்வியஸ் க்ரீம் என்ற ஈரப்பத க்ரீம் எக்ஸிமா உள்ள குழந்தைகளின் தோலை எரிச்சல்படுத்தலாம் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-லேயே எச்சரித்தது. லேபிளில் எதுவும் போடாமல் வெறும் 'இ-வாக்ஸ்' என்று மட்டும் இருந்தால், விற்பவரிடம் உள்ளே என்ன என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

சரி, 100 கிராம் க்ரீமுக்கு ஒரு கணக்கு. வாலை வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) 77 கிராம், கிளிசரின் 4, நல்லெண்ணெய் 10, சீட்டோமேக்ரோகால் வாக்ஸ் 6, கெட்டியாக்க சீட்டைல் ஆல்கஹால் 2, கடைசியில் ஃபினாக்ஸிஎத்தனால் சேர்ந்த ப்ரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுப்பது) 1. எல்லாமே எடைதான், ஸ்பூன் கணக்கு இங்கே செல்லாது, 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

தண்ணீரும் கிளிசரினும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில், எண்ணெயும் வாக்ஸும் சீட்டைல் ஆல்கஹாலும் இன்னொன்றில். இரண்டையும் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: மெழுகு உருகிவிட்டதே என்று எண்ணெய்ப் பகுதியை மட்டும் சூடாக எடுத்து அதில் ஆறின தண்ணீரை ஊற்றுவார்கள், வாக்ஸ் துளிகளைச் சூழ்வதற்கு முன்னால் உறைந்துவிடும், க்ரீம் ரவை ரவையாகத்தான் வரும். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது சேர்த்து ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்கள். பிளேடு முழுக்க மூழ்கியிருக்கட்டும், இல்லையென்றால் காற்று ஏறி நுரையாகிவிடும். சேர்த்த சில நொடிகளில் பால் போல வெளுக்கும், ஆனால் தண்ணீராகவே இருக்கும். கெட்டியாகவில்லையே என்று பதறி இன்னும் வாக்ஸ் போடாதீர்கள். சூடு இறங்க இறங்கத்தான் இறுகும். ஆறும்வரை ஸ்பாட்டுலாவால் மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள், பாத்திரத்தின் ஓரத்தையும் வழித்து விடுங்கள்.

40 டிகிரிக்குக் கீழே வந்ததும் ப்ரிசர்வேட்டிவ். இதை விட்டுவிட்டு 'கெமிக்கல் இல்லாத க்ரீம்' என்று பெருமைப்படுவதில் அர்த்தமே இல்லை. தண்ணீர் உள்ள எதிலும் கிருமி வளரும், வைட்டமின் ஈ அதைத் தடுக்காது (அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே). எமல்சிஃபையரும் தடுக்காது. மஞ்சள் கஷாயம், கற்றாழைச் சாறு என்று தண்ணீருக்குப் பதில் ஊற்றினால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆறிய க்ரீமில் கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். சீராகக் கரைந்து வெளுத்தால் எண்ணெய்த் துளிகள் தண்ணீருக்குள் இருக்கிற வகை, நாம் செய்ததும் அதுதான். கொழுப்புபோலக் கட்டியாக மிதந்தால் எங்கோ பிசகியிருக்கிறது. பிறகு ஒரு சின்ன டப்பாவை ஃப்ரீசரில் ஒரு இரவு, வெளியில் ஒரு பகல் என்று மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அதற்கும் பிரியாமல் நின்றால் ஓரளவு நம்பலாம்.

சொந்தமாக எமல்சிஃபையர் கலக்க ஆசைப்படுபவர்களுக்கு எச்எல்பி எண் (ஒரு எமல்சிஃபையர் தண்ணீரை எவ்வளவு நாடும், எண்ணெயை எவ்வளவு நாடும் என்று காட்டும் எண்) உதவும். வேதியியலாளர் வில்லியம் கிரிஃபின் 1949-ல் கொண்டுவந்த முறை இது. எண் குறைந்தால் எண்ணெய்ப் பக்கம், கூடினால் தண்ணீர்ப் பக்கம். லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெயைத் தண்ணீருக்குள் நிறுத்த சுமார் 12 வேண்டும். எமல்சிஃபையர்களில் ஸ்பான் 80-க்கு 4.3, ட்வீன் 80-க்கு 15. கணக்குப் போட்டால் 5 கிராம் கலவையில் ட்வீன் 3.6, ஸ்பான் 1.4 வரும். எந்த விகிதத்தில் தொடங்குவது என்றுதான் இது சொல்லும், எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லாது.

மருந்திலும் இதே வகைப் பொருட்கள்தான். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் போடும் புரோபோஃபால் ஊசி பால் நிறத்தில் இருப்பது, சோயா எண்ணெயை முட்டை லெசித்தினால் தண்ணீரில் நிறுத்தியிருப்பதால். ட்வீன் 80 என்று மேலே சொன்ன அதே பாலிசார்பேட் 80 கோவிஷீல்டு தடுப்பூசியிலும் இருந்தது. அங்கே எண்ணெயே கிடையாது, மருந்துத் துகள்கள் ஒன்றோடொன்றும் குப்பியிலும் ஒட்டாமல் இருக்கத்தான் அது. டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றின் அடித்தளம் சீட்டோஸ்டியரைல் ஆல்கஹாலும் சீட்டோமேக்ரோகாலும்தான். அரிதாகச் சிலருக்கு சீட்டோஸ்டியரைல் ஆல்கஹாலே ஒத்துக்கொள்ளாது, மருந்து போட்ட இடத்தில் அரிப்பு கூடினால் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

அடித்தளம் ஒன்றுதானே என்று அந்த ஸ்டீராய்டு க்ரீமை வீட்டு க்ரீமோடு கலந்து 'நிறைய' ஆக்குவது மட்டும் வேண்டாம். மருந்தின் அளவு மாறும், ப்ரிசர்வேட்டிவ் நீர்த்துப்போகும், எமல்ஷனும் (எண்ணெய்-தண்ணீர்க் கலவையும்) உடையலாம். அப்புறம், செய்ததை விற்கும் எண்ணம் இருந்தால் இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும், இன்ஸ்டாகிராமில் விற்றாலும் இதே விதிதான்.