ஆசிரியர் பயிற்சிக் கோஹார்ட்டில் இடம் பிடிப்பது எப்படி? அமெரிக்க இளங்கலை மாணவர்களுக்கான வழிமுறை

அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராகும் எண்ணத்தோடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாலே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்ததாகிவிடாது. பெரும்பாலான இடங்களில் இரண்டாம் ஆண்டில் தனியாக விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். தேர்வானவர்கள் கோஹார்ட் என்ற ஒரே குழுவாகக் கற்பித்தல் முறைப் பாடங்களைப் படித்து, பள்ளிப் பயிற்சிக்கும் சேர்ந்தே போவார்கள். பல இடங்களில் அந்தப் பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஓர் ஆவணம் குறைந்து விண்ணப்பம் நின்றால் ஒரு வருடமே போய்விடும். அதனால் கடைசித் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

1. நிபந்தனைப் பட்டியலை வாங்குங்கள்

முதல் செமஸ்டரிலேயே கல்வித்துறை அட்வைசரைப் பாருங்கள். தொடக்கப்பள்ளி, சிறப்புக் கல்வி, உயர்நிலைக் கணிதம் என ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு. சீனியர் கொடுத்த பழைய பட்டியலை நம்பாதீர்கள்.

2. ஜி.பி.ஏ.யைக் கணக்குப் போடுங்கள்

ஜி.பி.ஏ. என்பது 4.0-க்கு உங்கள் மதிப்பெண் சராசரி. பெரும்பாலும் கேட்பது 2.75 அல்லது 3.0. அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 45 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) முடித்து 2.6 வைத்திருக்கிறீர்கள் என்றால், இரண்டையும் பெருக்க, கையில் 117 புள்ளிகள். 60 கிரெடிட்டில் 2.75 வர 165 புள்ளிகள் தேவை. மீதி 48 புள்ளிகளை 15 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். அதாவது அந்த செமஸ்டரில் 3.2. முயன்றால் முடியும். ஆனால் கிரெடிட் ஏற ஏற சராசரி நகர மறுக்கும், அதனால் சீக்கிரம் தொடங்குவதே லாபம். முன்தேவைப் பாடத்தில் (சேருவதற்கு முன் முடிக்க வேண்டிய பாடம்) 'சி' கேட்டால் 'சி மைனஸ்' செல்லாது. கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து கிரெடிட் மாற்றினாலும், பல பல்கலைக்கழகங்கள் அந்த மதிப்பெண்ணை ஜி.பி.ஏ.யில் சேர்ப்பதில்லை.

3. ப்ராக்ஸிஸ் கோர்

ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்களின் அடிப்படைத் திறனைச் சோதிக்கும் தேர்வு இது. சில மாநிலங்கள் இந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டன. உங்களுக்குத் தேவையா என்று முதலில் கேளுங்கள். வாசிப்பு, எழுத்து, கணிதம் என மூன்று பகுதிகள். கணிதத்துக்குத் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. ஒரு பகுதியில் தவறினால் அதே பகுதியை மறுபடி எழுத 28 நாள் காத்திருக்க வேண்டும், முடிவு வரவும் நாளாகும். எனவே கடைசித் தேதிக்கு நான்கு மாதம் முன்பே முதல் முறை எழுதிவிடுங்கள். பதிவு செய்யும்போதே மதிப்பெண் பெறும் இடமாக உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

4. வகுப்பறை நேரம்

குறிப்பிட்ட மணிநேரம் பள்ளியில் அமர்ந்து கவனித்திருக்க வேண்டும். பதிவுத்தாளில் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வகுப்பாசிரியர் கையெழுத்து நான்கையும் அன்றன்றே வாங்கிவிடுங்கள். மொத்தமாகக் கடைசியில் வாங்கலாம் என்று விட்டால், அதற்குள் பள்ளி கோடை விடுமுறைக்குப் பூட்டியிருக்கும்.

5. கைரேகை, பின்னணிச் சோதனை

வேறு வேலைக்கு ஏற்கெனவே கொடுத்த கைரேகை பெரும்பாலும் இங்கே செல்லாது. பழைய வழக்கு ஏதாவது இருந்து, படிவம் அதைக் கேட்டால் மறைக்காதீர்கள். சிறு குற்றத்தைவிட மறைத்ததுதான் பெரிய சிக்கலாகும்.

6. கட்டுரை, பரிந்துரை

'சிறுவயதிலிருந்தே குழந்தைகள் பிடிக்கும்' என்று தொடங்கும் கட்டுரைகள் குவியலாக வரும். அதற்குப் பதில், நீங்கள் கவனித்த வகுப்பில் பின்னக் கணக்கில் திணறிய ஒரு குழந்தைக்கு ஆசிரியர் காகிதத்தை மடித்துக் காட்டியதை எழுதி, அது ஏன் பலித்தது என்று சொல்லுங்கள். குழந்தையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். பரிந்துரைக் கடிதத்தை ஆறு வாரம் முன்பே கேளுங்கள்.

விண்ணப்பித்த பிறகு, ஒவ்வொரு ஆவணமும் வந்துசேர்ந்ததாக இணையப் பக்கத்தில் காட்டுகிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். கடிதம் அனுப்ப மறந்த பேராசிரியருக்கு நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான். அலுவலகம் அதைச் செய்யாது.