லண்டன் வீட்டை விடுமுறைப் பயணிகளுக்கு விடுவது எப்படி: 90 இரவு விதி முதல் கவுன்சில் நோட்டீஸ் வரை

லண்டனில் சொந்த வீட்டை ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் விடுவதற்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு இறங்கியவர்கள்தான் பிறகு கடிதமும் கையுமாக அலைகிறார்கள். லைசென்ஸ் இல்லாவிட்டாலும் லீஸ், மார்ட்கேஜ், 90 இரவு வரம்பு (அனுமதியின்றி ஓர் ஆண்டில் அத்தனை இரவுதான் விடலாம்), தீப்பாதுகாப்பு, விருந்தினர் பதிவேடு, வருமான வரி எல்லாம் இருக்கின்றன. ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் உங்களைக் காப்பாற்றாது. கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக வங்கி சும்மா இருக்காது.

கீழே உள்ளது கிரேட்டர் லண்டனுக்கு மட்டும். இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் 90 இரவு விதி கிடையாது. ஸ்காட்லாந்தில் கவுன்சில் லைசென்ஸ் கட்டாயம். வட அயர்லாந்தில் டூரிசம் என்.ஐ. அமைப்பின் சான்றிதழ் வேண்டும். கிளாஸ்கோவில் வீடு வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

படி 1: முதலில் பத்திரங்களைப் படியுங்கள்

எல்லோரும் 90 இரவில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பாதிப் பேரின் திட்டம் அதற்கு முன்பே, லீஸின் ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஃபிளாட் என்றால் அநேகமாக அது லீஸ்ஹோல்டாகத்தான் (கட்டட உரிமை வேறொருவரிடம், உங்களுக்கு நீண்டகாலக் குத்தகை) இருக்கும். லீஸ் பிரதி கையில் இல்லையென்றால் ஹெச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்தில் சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும். கூகுளில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். அதே தாளுக்குப் பல மடங்கு வாங்குவார்கள். முகவரி பட்டியில் கவ் டாட் யுகே இருக்கிறதா என்று பாருங்கள்.

லீஸ் நாற்பது பக்கம் இருக்கலாம். முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் குத்தகைதாரரின் கடமைகள் பகுதியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். வீட்டைத் தனிப்பட்ட வசிப்பிடமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறதா? வணிகம் செய்யத் தடை இருக்கிறதா? அனுமதியின்றி உள்வாடகைக்கு விடவோ வேறொருவர் கையில் கொடுக்கவோ கூடாது என்று இருக்கிறதா? முதல் நிபந்தனைதான் ஆபத்தானது, ஏனென்றால் படிக்கும்போது அது நம்மைத் தடுப்பது போலவே தெரியாது. “நான் அங்கேதானே வசிக்கிறேன்” என்று தோன்றும். ஆனால் அத்தகைய வாசகம் உள்ள ஒரு லீஸில், சில நாள், சில வாரம் என்று ஆட்களை மாற்றி மாற்றித் தங்கவைப்பது லீஸ் மீறல்தான் என்று 2016-இல் அப்பர் ட்ரிப்யூனல் (மேல் தீர்ப்பாயம்) தீர்ப்பளித்தது. மீறல் நிரூபணமானால் லீஸையே பறிக்கும் நடவடிக்கை வரை ஃப்ரீஹோல்டர் (கட்டடத்தின் உரிமையாளர்) போகலாம். நிபந்தனை இருந்தால் ஃப்ரீஹோல்டரிடம் எழுத்தில் சம்மதம் கேளுங்கள். மேனேஜிங் ஏஜென்ட் தொலைபேசியில் “பரவாயில்லை” என்பது சம்மதம் ஆகாது.

மார்ட்கேஜ் அடுத்தது. சாதாரண வீட்டுக்கடன் நீங்களே குடியிருப்பதற்காகத் தரப்படுவது. அதன்மேல் ஆறு மாதம், ஒரு வருடம் குடிவைக்க வங்கி சம்மதித்திருந்தாலும், அந்தச் சம்மதம் தினசரி விருந்தினர்களுக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை இரவு, எந்தத் தளம் என்று குறிப்பிட்டுக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். காப்பீடும் அப்படியே. பணம் கொடுத்துத் தங்குபவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் போய், கீழ்வீட்டுக் கூரை ஊறி விழுந்தால், விருந்தினர் விஷயத்தைச் சொல்லாமல் எடுத்த பாலிசி கைகொடுக்காது. தளங்கள் தரும் சேதப் பாதுகாப்பு உங்கள் வீட்டுக் காப்பீட்டுக்கு மாற்று அல்ல.

நீங்களே வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் இந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சமூக வீட்டை முழுவதுமாக உள்வாடகைக்கு விடுவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றம்.

படி 2: 90 இரவுகளைச் சரியாக எண்ணுங்கள்

1973-ஆம் ஆண்டின் கிரேட்டர் லண்டன் கவுன்சில் சட்டப்படி, லண்டனில் ஒரு குடியிருப்பைத் தற்காலிகத் தங்குமிடமாக மாற்றினாலே கவுன்சிலின் பிளானிங் (கட்டடப் பயன்பாட்டு) அனுமதி வேண்டும். 2015-இல் டிரெகுலேஷன் சட்டம் இதைத் தளர்த்தியது: ஒரு காலண்டர் ஆண்டில் 90 இரவைத் தாண்டாதவரை அனுமதி தேவையில்லை. கூடவே ஒரு நிபந்தனை: வீட்டை விடுபவர்களில் ஒருவராவது அந்த வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) செலுத்தும் பொறுப்புள்ளவராக இருக்க வேண்டும்.

எண்ணும்போது தவறுவது இந்த இடங்களில்:

ஆண்டு என்பது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. நீங்கள் பட்டியலிட்ட நாளிலிருந்து அல்ல. டிசம்பர் 30 வந்து ஜனவரி 2 கிளம்பும் விருந்தினருக்கு இரண்டு இரவு பழைய ஆண்டில், ஒன்று புதிய ஆண்டில்.

கணக்கு வீட்டுக்கு. தளத்துக்கோ, விருந்தினருக்கோ அல்ல. முழு வீட்டுப் பட்டியல் 90-ஐத் தொட்டதும் ஏர்பிஎன்பி அந்த ஆண்டின் மீதி நாட்களைத் தானாகப் பூட்டிவிடும். ஆனால் அது தன் வழியாக வந்த இரவுகளை மட்டுமே அறியும். புக்கிங் டாட் காமில் வந்த 30 இரவும், நேரடியாக வந்த 10 இரவும் அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் நீங்கள்தான் கூட்ட வேண்டும்: வந்த தேதி, போன தேதி, இரவு, தளம், ஓடும் கூட்டுத்தொகை. அவ்வளவு போதும்.

காசு வாங்காமல் தங்கும் உறவினர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கல்யாணத்துக்கு டொரண்டோவிலிருந்து வந்து மூன்று வாரம் இருந்த சித்தி குடும்பத்தை எண்ண வேண்டாம். சட்டம் சொல்வது பணத்துக்கோ பண மதிப்புள்ளதற்கோ விடுவதைத்தான்.

ஒரே ஆள் தொடர்ந்து 90 இரவோ அதற்கு மேலோ தங்கினால் அது தற்காலிகத் தங்கலே அல்ல, வரம்புக்குள் வராது. ஆனால் அவர் அதையே தன் வீடாகக் கொண்டு வாழ்ந்தால் அது வேறு உலகம்: ரைட் டு ரென்ட் சோதனை (இங்கே வாடகைக்கு இருக்க அவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது), முன்பணத்தை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போடுவது எல்லாம் வந்துவிடும்.

நீங்கள் இருக்கும் வீட்டில் ஒரு அறையை மட்டும் விட்டால்? ஏர்பிஎன்பி அதைப் பூட்டுவதில்லை. ஆனால் சட்ட வாசகம் வீட்டோடு, அப்படிப் பயன்படும் அதன் பகுதியையும் சேர்த்தே பேசுகிறது. தளம் பூட்டவில்லை என்பதைச் சட்டத்தின் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், 90-ஐத் தாண்டும் எண்ணம் இருந்தால் உங்கள் பரோ கவுன்சிலின் பிளானிங் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள்.

கையில் 90 இரவுதான் என்பதால் அவற்றை மலிவாகச் செலவழிக்காதீர்கள். வெம்பிளி பக்கம் இருப்பவர்கள் ஸ்டேடியத்தின் கச்சேரி, இறுதிப்போட்டித் தேதிகளையும், மெர்ட்டன் பக்கம் இருப்பவர்கள் விம்பிள்டன் இரண்டு வாரத்தையும் முதலில் ஒதுக்குங்கள். பிப்ரவரி வார நாட்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் ஆகஸ்டில் இரவு மிஞ்சாது. குறைந்தது மூன்று இரவு என்று வைத்தால் சுத்தம் செய்யும் செலவும் குறையும், சூட்கேஸ் உருளும் சத்தமும் குறையும். பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்கு எழுதத் தொடங்குவது பெரும்பாலும் அந்தச் சத்தத்தில்தான்.

“பிசினஸ் ரேட்ஸுக்கு மாற்றிவிட்டால் கவுன்சில் டாக்ஸ் கட்ட வேண்டாம்” என்று ஒரு யோசனை சுற்றுகிறது (பிசினஸ் ரேட்ஸ் என்பது வணிக இடங்களுக்கான வரி). லண்டனுக்கு வெளியே, கார்ன்வாலில் வேலை செய்யும், லண்டனில் தலையில் விழும். அப்படி மாற, வீடு ஆண்டில் 140 இரவு வாடகைக்குத் தயாராக இருந்து, 70 இரவு உண்மையில் போயிருக்க வேண்டும். 140 என்று சொல்வதே 90-ஐத் தாண்டும் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தவிர, கவுன்சில் டாக்ஸ் பொறுப்பு போனதும் 90 இரவுச் சலுகையின் நிபந்தனையும் போய்விடும். வீட்டைக் கம்பெனி பெயரில் வாங்கி விட நினைப்பவர்களும் இந்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்.

படி 3: தீயும் எரிவாயுவும்

பணம் வாங்கி ஒரு இரவு விட்டாலும் 2005-ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணை உங்களுக்குப் பொருந்தும். 2023 அக்டோபர் 1 முதல் தீ அபாய மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருப்பது எல்லோருக்கும் கட்டாயம். கட்டணம் செலுத்தும் விருந்தினர்களுக்கான சிறு தங்குமிடங்களுக்கென்றே அரசு ஒரு இலவசக் கையேடு வெளியிட்டிருக்கிறது. தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீடு, தனி ஃபிளாட், அதிகபட்சம் பத்துப் பேர் என்பவை அதன் எல்லைக்குள் வரும். சாதாரண வீடென்றால் அதை வைத்து நீங்களே மதிப்பீட்டை எழுதலாம்.

புகை அலாரம் ஹாலிலும் மாடிப்படி முகப்பிலும் மட்டும் போதாது. படுக்கையறைகளிலும் உட்காரும் அறையிலும் வேண்டும். ஒன்று அலறினால் எல்லாம் அலற வேண்டும். அடுக்களையில் புகை அலாரம் போடாதீர்கள், வெப்ப அலாரம் போடுங்கள். கடுகும் மிளகாயும் தாளித்த புகைக்கு அலறிய அலாரத்தை விருந்தினர் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருபவருக்கு அலாரமே இருக்காது.

கதவுப் பூட்டு பலர் கவனிக்காதது. லண்டனின் பழைய யூபிவிசி (பிளாஸ்டிக்) கதவுகளில் உள்ளிருந்து பூட்டவும் சாவி வேண்டும். இரவு பூட்டி, சாவியைக் கோட் பையில் போட்டுவிட்டு விருந்தினர் தூங்கினால், புகைக்குள் சாவி தேட வேண்டியிருக்கும். பூட்டின் சாவி நுழையும் பகுதியை, உள்பக்கம் திருகும் குமிழ் உள்ள யூரோ சிலிண்டராக மாற்றுங்கள். கதவின் பக்கவாட்டில் பூட்டுக்கு நேராக உள்ள ஒற்றைத் திருகாணியிலிருந்து உள்முனைக்கும் வெளிமுனைக்கும் தனித்தனியாக மில்லிமீட்டரில் அளந்து வாங்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. 35/45 (ஒரு பக்கம் 35, மறுபக்கம் 45 மில்லிமீட்டர்) வாங்கும்போது குமிழ் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். மாற்றி வாங்கினால் சிலிண்டர் வெளியே துருத்தி நிற்கும், திருடன் உடைக்க வசதி. ஃபிளாட்டின் நுழைவுக் கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கும். தானாக மூடும் கருவியைக் கழற்றாதீர்கள், பூட்டு மாற்றுவதற்கும் ஃப்ரீஹோல்டரிடம் முன்பே கேளுங்கள்.

கேஸ் பாய்லர் இருந்தால் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரின் ஆண்டுச் சோதனை கட்டாயம். 28 நாளுக்குக் குறைவான தங்கலுக்கு அந்தச் சான்றிதழை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் மாட்டினால் போதும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். மாமா வீட்டில் மிஞ்சிய சோபாவைக் கொண்டுவந்து போடும் முன் மெத்தைக்கு அடியில் தீத்தடுப்பு லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உள்ளே வரக்கூடாது.

படி 4: விருந்தினர் பதிவேடு

1972-ஆம் ஆண்டின் ஹோட்டல் பதிவேட்டு ஆணை பெயரளவில்தான் ஹோட்டலுக்கு. காசுக்குப் படுக்கை தரும் எவருக்கும் பொருந்தும். 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு விருந்தினரின் முழுப்பெயர், குடியுரிமை நாடு, வந்த தேதி ஆகியவற்றைப் பதிந்து 12 மாதம் வைத்திருக்க வேண்டும். முன்பதிவு செய்தவர் ஒருவருடைய பெயர் மட்டும் போதாது.

பிரிட்டிஷ், ஐரிஷ், காமன்வெல்த் குடிமக்கள் அல்லாதவர்களிடம் பாஸ்போர்ட் எண், அது வழங்கப்பட்ட இடம், அடுத்து எங்கே போகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஆக, சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் வருபவர்களிடம் பெயரும் நாடும் போதும். பாரிஸ் லா ஷப்பெலிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் வரும் தமிழரிடம் எண்ணும் வேண்டும். சட்டம் கேட்பது எண்ணைத்தான். பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தப் படங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு வீணாக உங்கள் தலையில் ஏறும்.

வீட்டுக்குள் கேமரா வைக்கவே கூடாது. 2024 ஏப்ரல் முதல் ஏர்பிஎன்பி அதை முற்றாகத் தடை செய்துவிட்டது.

படி 5: வரி

நீங்கள் வசிக்கும் வீட்டிலேயே தளபாடத்துடன் அறை விட்டால் ரென்ட் எ ரூம் திட்டத்தில் ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரியில்லை. வருமானத்தை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 3,750. நீங்கள் வசிக்காத தனி வீட்டுக்கு இது கிடையாது. 1,000 பவுண்டு சொத்து வருமானச் சலுகை மட்டும்தான். விடுமுறை வீடுகளுக்கென்று இருந்த தனி வரிச்சலுகை 2025 ஏப்ரலில் ஒழிந்தது. பழைய யூடியூப் காணொளிகளை நம்பி மார்ட்கேஜ் வட்டி முழுவதையும் செலவாகக் காட்டாதீர்கள். இப்போது அடிப்படை விகித அளவுக்குத்தான் நிவாரணம்.

முதல் தடவை என்றால், வரியாண்டு முடிந்த பின் வரும் அக்டோபர் 5-க்குள் செல்ஃப் அசெஸ்மென்ட்டில் (நீங்களே வருமானத்தைக் கணக்குக் காட்டும் முறை) பதிய வேண்டும். 2024-ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து தளங்கள் உங்கள் வருமான விவரத்தை ஹெச்எம்ஆர்சிக்கு (வரித்துறை) நேரடியாகவே கொடுக்கின்றன. அங்கே போயிருக்கும் தொகை, தளம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் வங்கியில் போட்ட தொகையோடு அப்படியே பொருந்தாமல் இருக்கலாம். அதனால் மொத்த வாடகை, தளக் கட்டணம், கையில் வந்தது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

கவுன்சில் கடிதம் வந்தால்

புகார் போனால் முதலில் வருவது பெரும்பாலும் பிளானிங் கான்ட்ராவென்ஷன் நோட்டீஸ் (பிளானிங் மீறல் பற்றி விவரம் கேட்கும் கடிதம்). எத்தனை இரவு, யாருக்கு, எப்போதிலிருந்து என்று கேள்விகள் இருக்கும். 21 நாளுக்குள் பதில் தராமல் இருப்பதே குற்றம். பொய்ப் பதில் அதைவிடப் பெரிய குற்றம். படி 2-இல் சொன்ன எக்செல் தாளும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போனால் அவற்றை இணைத்து அனுப்புங்கள், பல விசாரணைகள் அத்தோடு நின்றுவிடும். 90-ஐத் தாண்டியிருந்தால் புதிய முன்பதிவுகளை உடனே நிறுத்திவிட்டு, பதில் எழுதும் முன் பிளானிங் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அடுத்த கட்டம் என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் (மீறலை நிறுத்தச் சொல்லும் ஆணை). அதை மீறினால் 20,000 பவுண்டு அபராதம் என்று இன்னும் பல தளங்களில் எழுதியிருக்கும். அது பழைய கணக்கு. 2015 மார்ச் முதல் அந்த அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. மீறிச் சம்பாதித்த வாடகையையும் நீதிமன்றம் பறிமுதல் செய்யலாம்.