குறைந்த டோஸ் ஆன்டிபயாடிக்கும் பயோஃபிலிமும்: எங்கே தவறுகிறோம்?

முழு டோஸ் பாக்டீரியாவைக் கொல்லும், பாதி டோஸ் பாதியைக் கொல்லும் என்று கணக்குப் போடுவதுதான் பெரிய தவறு. வளர்ச்சியை நிறுத்தப் போதாத அளவிலும் மருந்து பாக்டீரியாவைச் சீண்டுகிறது. 2005-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சொற்ப அளவில் கொடுத்தபோது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா வழக்கத்தைவிட அதிகமாகப் பயோஃபிலிம் (பரப்பில் ஒட்டி, பசைக்குள் கூட்டமாக வாழும் படலம்) கட்டியது. ஏஆர்ஆர் என்ற ஜீனைச் செயலிழக்கச் செய்தால் அந்தக் கூடுதல் வரவில்லை. ஆக, மருந்தை உணர்ந்து பாக்டீரியா செய்யும் வேலை இது.

சரி, எல்லா மருந்தும் இப்படித்தானா? இல்லை. அசித்ரோமைசின் அதே சூடோமோனாஸில், கொல்லாத அளவிலேயே, செல்கள் தங்களுக்குள் நடத்தும் சமிக்ஞைப் பேச்சைக் குலைத்துப் படலத்தைத் தடுக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவில் கதை வேறு: மெத்திசிலின் சிறிதளவு பட்டால், சில ஸ்ட்ரெய்ன்களில் (ஒரே இனத்தின் உள்வகைகளில்) சில செல்கள் சிதைந்து டி.என்.ஏ.வை வெளியே கொட்டுகின்றன. மற்ற செல்களுக்கு அதுவே பசை. எந்த மருந்து, எந்த ஸ்ட்ரெய்ன் என்று சொல்லாமல் ‘குறைந்த டோஸ் பயோஃபிலிமைக் கூட்டும்’ என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

ஆய்வகத்தில் அதிகம் சறுக்குவது, சாயம் ஏற்றிப் பயோஃபிலிமை அளக்கும் கிரிஸ்டல் வயலெட் சோதனையில்தான். அந்தச் சாயம் உயிருள்ள செல், செத்த செல், சுற்றியுள்ள பசை எல்லாவற்றிலும் ஏறும். நிறம் அடர்த்தியாக இருப்பதால் உயிருள்ள பாக்டீரியா கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. படலத்தைக் கலைத்து, அகார் தட்டில் பரப்பிக் காலனிகளையும் எண்ண வேண்டும். சாயம் ஊற்றுவதற்கு முன் சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் மொத்த வளர்ச்சி எவ்வளவு என்று ஓ.டி. (திரவத்தின் கலங்கல் அளவு) பார்த்துக் குறிக்காமல் விடுவது இன்னொரு கோளாறு. மருந்து வளர்ச்சியைக் கொஞ்சம் குறைத்திருக்கும். மிஞ்சியவை அதிகமாக ஒட்டியிருக்கும். கூட்டிக் கழித்தால் மாற்றமே இல்லாததுபோல் தெரியும். அப்புறம், நீர்த்தல் இடைவெளி. மருந்தைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்தால், எம்.ஐ.சி.க்கு (வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவு) சற்றுக் கீழே தலைகாட்டும் பயோஃபிலிம் உச்சம் இரண்டு குழிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். குறைந்தபட்சம் இரண்டிரண்டு மடங்காகவாவது நீர்க்க வேண்டும்.

படலத்துக்குள் பிழைத்ததையெல்லாம் ‘ரெசிஸ்டன்ஸ்’ (ஜீன் மாறி மருந்தை எதிர்ப்பது) என்று எழுதுவதும் தவறு. 1944-இல் ஜோசப் பிக்கர் என்ற பாக்டீரியா ஆய்வாளர், பெனிசிலினில் பிழைத்த ஸ்டாஃபிலோகாக்கஸை மறுபடி வளர்த்துப் பார்த்தார்; வாரிசுகள் பழையபடியே அந்த மருந்துக்குச் செத்தன. ஜீன் மாறவில்லை, தூங்கிக் கிடந்து தப்பியிருக்கின்றன. லேப் ரிப்போர்ட்டில் வரும் எம்.ஐ.சி.யும் திரவத்தில் மிதக்கும் பாக்டீரியாவுக்கானது. உடலுக்குள் செருகிய குழாயான கதீட்டரில் படிந்த படலத்துக்கு அது பொருந்தாது. அதனால்தான் பல நேரம் கதீட்டரையே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

வீட்டில் நடப்பது டோஸையும் நாட்களையும் குழப்புவது. சில நோய்களுக்கு டாக்டர்கள் இப்போது குறைந்த நாட்களே மருந்து தருகிறார்கள். ஆனால் அந்த நாட்களில் டோஸ் முழுசாகத்தான் இருக்கும். மாத்திரையை இரண்டாக உடைத்து இரு மடங்கு நாள் ஓட்டினால் கணக்கு சரியாகாது.