அணுவின் நிறையைக் கணக்கிடும் முறை

சிங்கப்பூரில் அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால், உயர்நிலை மூன்றில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழில் விளக்க முற்படும் பெற்றோர் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, நிறை எண்ணும் அணு நிறையும் ஒன்றல்ல என்பதையே.

நிறை எண் என்பது புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் எண்ணிக் கூட்டிய முழு எண். சோடியத்தில் 11 புரோட்டான்களும் 12 நியூட்ரான்களும் இருப்பதால் அதன் நிறை எண் 23. எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ 1836-இல் ஒரு பங்குதான். சோடியத்தின் 11 எலக்ட்ரான்களும் சேர்ந்து அணுவின் நிறையில் பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட வருவதில்லை. நிறை எண்ணில் எலக்ட்ரான்களைச் சேர்த்து எண்ணுவதில்லை; எனவே ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியானாலும் நிறை எண் மாறாது. ஆனால் எலக்ட்ரானுக்கு நிறையே இல்லை என்று பிள்ளைகள் மனனம் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

பலர் தடுமாறுவது குளோரினில்தான். தேர்வுத்தாளில் தரப்படும் தனிம வரிசை அட்டவணையில் அணு நிறை 35.5 என்றிருப்பதைப் பார்த்து, அதிலிருந்து புரோட்டான் எண்ணிக்கையான 17-ஐக் கழித்து, பதினெட்டரை நியூட்ரான்கள் என்று எழுதிவிடுகிறார்கள். அரை நியூட்ரான் எங்கும் கிடையாது. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் ஏறத்தாழ 76 விழுக்காடு குளோரின்-35, 24 விழுக்காடு குளோரின்-37. முன்னதில் 18 நியூட்ரான்கள், பின்னதில் 20. இப்படிப் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாயிருந்தும் நியூட்ரான் எண்ணிக்கையில் வேறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். ஒவ்வொரு ஐசோடோப்பின் நிறை எண்ணையும் அதன் விழுக்காட்டால் பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தால் 35.48 வரும், அதைத்தான் அட்டவணை 35.5 என்று தருகிறது.

இனி, துகள்களின் துல்லியமான நிறைகளைக் கூட்டினால் அணுவின் நிறை கிடைத்துவிடுமா என்றால், கிடைக்காது. கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஓர் அணு நிறை அலகாகக் கொண்டால், புரோட்டான் 1.007276, நியூட்ரான் 1.008665, எலக்ட்ரான் 0.000549. ஹீலியம்-4 அணுவில் இவை ஒவ்வொன்றும் இரண்டு இருப்பதால் கூட்டுத்தொகை 4.03298; ஆயினும் அந்த அணுவின் உண்மையான நிறை 4.00260 மட்டுமே. குறையும் 0.03038 அலகு, அணுக்கரு உருவாகும்போது ஆற்றலாக வெளியேறிவிடுகிறது. தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் எடுப்போர் இதை நிறை குறைபாடு என்னும் பெயரில் மீண்டும் சந்திப்பார்கள். அங்கே கணக்கிடும்போது தசம இடங்களை முன்கூட்டியே சுருக்கக் கூடாது. புரோட்டானையும் நியூட்ரானையும் 1 என்று எடுத்துக்கொண்டால், கண்டுபிடிக்க வேண்டிய வேறுபாடே கணக்கில் தெரியாமல் போய்விடும்.