தேக்கடியில் படகேறும் முன் அணை நிலவரத்தைப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கிறவர்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது முல்லைப் பெரியாறு அணை நிலவரத்தை. நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை. தேக்கடியில் படகேறி விலங்கு, பறவை பார்க்க நினைக்கிறவர்களும் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். ரூம், பஸ், லீவு எல்லாம் அதற்கப்புறம்.

தேக்கடி ஏரி தானாக உண்டான ஏரி இல்லை. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர், சுமார் 26 சதுர கிலோமீட்டருக்குக் காட்டுப் பள்ளங்களில் விரல் விரலாக நுழைந்து கிடக்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு 142 அடி. மட்டம் அதை நெருங்கும்போது தண்ணீர் மரங்களின் காலடி வரைக்கும் ஏறிவிடும். விலங்கு வந்து நிற்கக் கரையே இருக்காது. மழைக்காலத்தில் காட்டுக்குள்ளேயே ஓடையெல்லாம் ஓடுவதால் அவை ஏரிக்கு வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நாட்களில் படகேறியவர்கள்தான் "ஒண்ணரை மணி நேரம் சுத்தினோம், ஒரு பன்னிகூடக் கண்ணுல படல" என்று சொல்லிக்கொண்டு இறங்குவார்கள்.

மட்டம் 120 அடிக்குக் கீழே போனால் நிலைமை மாறும். சரிவெங்கும் சேற்று நிலம் வெளியே வந்து, ஒரு கோடை மழை விழுந்ததும் சில நாளில் பச்சை பிடிக்கும். காட்டுமாடும் மிளா என்கிற கடமானும் யானையும் பகலிலேயே வெட்டவெளிக்கு வருவது தண்ணீருக்காக மட்டுமல்ல, இந்த இளம்புல்லுக்காகவும்தான். வழக்கமாக இது மார்ச் முதல் மே வரை. 104 அடிக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் தண்ணீர் எடுக்க முடியாது என்பதால் அதற்கு மிகவும் கீழே மட்டம் இறங்குவது அரிது.

மார்ச் முதல் மே வரை வெயிலும் பள்ளி லீவுக் கூட்டமும் இருக்கும். அதுவும் சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூட்டம் ஏறும்; அன்று எல்லை ஊரான குமுளியில் வண்டி நகராது. கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். நெரிசலான நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். விலங்கு இரண்டாம்பட்சம், பறவைதான் முக்கியம் என்கிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். ஒன்று மட்டும்: காலை முதல் படகில் பனிமூட்டம் கலையப் பாதிப் பயணம் போய்விடும்.

பெரிய படகா, தெப்பமா?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வனத்துறையும் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ஓட்டும் பெரிய மோட்டார் படகு. ஒன்றரை மணி நேரம். காலை 7.30-க்கு முதல் படகு, மாலை 3.30-க்குக் கடைசி. இன்னொன்று வனத்துறையின் மூங்கில் தெப்பப் பயணம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மாலை 5 மணிக்குத்தான் திரும்புவீர்கள். பாதி நடை, பாதி தெப்பம். பத்துப் பேர் கொண்ட குழு, கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர்.

பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பமாக வருகிறவர்களுக்குப் பெரிய படகுதான். நடக்கத் தெம்புள்ளவர்கள் தெப்பத்துக்குப் போங்கள், செலவு பல மடங்கு கூடினாலும். மோட்டார் சத்தம் இல்லாததால் நீர்நாயும் பறவையும் அருகிலேயே இருக்கும். தெப்பத்துக்கு வயது வரம்பு உண்டு. அதைப் பதியும்போதே பாருங்கள். அங்கே போய் நின்று பிள்ளையைக் காட்டிக் கெஞ்சுவதில் பயனில்லை.

இரண்டுக்குமே இணையத்தில் முன்பதிவு உண்டு. ஒரு நாளைக்குச் சில குழுக்கள்தான் என்பதால் தெப்பத்துக்கு இடம் சீக்கிரம் தீரும். பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். பெரிய படகுக்குப் பகல் 11.15, 1.45 படகுகளை எடுக்காதீர்கள். வெயிலில் விலங்கெல்லாம் நிழலுக்குள் போயிருக்கும். முதல் படகு, இல்லையென்றால் கடைசிப் படகு. கோடையில் கடைசிப் படகே மேல். வெயில் தாழத் தாழ யானைகள் தண்ணீருக்கு இறங்கும்.

படகுத்துறைக்கு நேரத்தோடு போய்ச் சேர

முதல் படகைத் தவறவிடுகிறவர்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். குமுளியிலிருந்து படகுத்துறை 4 கிலோமீட்டர்தானே, பத்து நிமிஷம் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சொந்த வண்டியில் படகுத்துறை வரை போக முடியாது. ஆனவச்சால் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டு, காட்டு நுழைவுச் சீட்டு வாங்கி, வனத்துறை பஸ்ஸுக்கு வரிசையில் நின்று போக வேண்டும். படகுச் சீட்டு வேறு, நுழைவுச் சீட்டு வேறு. பஸ்ஸிலிருந்து இறங்கித் துறைக்கு இன்னும் கொஞ்சம் நடை, சோதனை, லைஃப் ஜாக்கெட். 7.30 படகுக்கு 6.15-க்கெல்லாம் ஆனவச்சாலில் இருந்தால் நிம்மதி. லீவு நாளில் இன்னும் முன்னதாக. நேரமானால் படகு காத்திருக்காது.

மதுரை, தேனியிலிருந்து வருகிறவர்கள் முந்தின ராத்திரியே குமுளியிலோ கம்பத்திலோ தங்குவது நல்லது. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலையேறக் குமுளி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். செக்போஸ்ட்டை நடந்து தாண்டி ஆட்டோ பிடிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் உள்ளே போகாது. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். படகுத்துறையில் நாட்டுக் குரங்குகள் பை திறக்கும் சத்தத்துக்கே ஓடிவரும். பிஸ்கட், பழம் எதையும் கையில் பிடிக்காதீர்கள். ஜிப் போட்ட பைக்குள் இருக்கட்டும். குரங்கு பையைப் பற்றிவிட்டால் இழுத்துப் பிடிக்க வேண்டாம். கடி வாங்கினால் அன்றைய பயணம் ஆஸ்பத்திரியில் ஊசியோடு முடிந்துவிடும். துறையைச் சுற்றியுள்ள உயர்ந்த மரங்களையும் ஒரு பார்வை பாருங்கள். கருமந்தியும் மலை அணிலும் படகிலிருந்து தெரிவதைவிட இங்கேதான் நன்றாகத் தெரியும்.

படகில்

2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் சாய்ந்ததும், படகின் வடிவமைப்புக் குறையும் காரணங்களாகப் பேசப்பட்டன. அதிலிருந்து கெடுபிடி அதிகம். ஜாக்கெட்டின் எல்லா வாரையும் பூட்டுங்கள். தோளில் மாட்டிப் பக்கிள் போடாமல் விட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போடாதீர்கள். சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். யானை எதிர்ப்பக்கம் தெரிந்தால் எழுந்து ஓடாதீர்கள். படகு போன வழியே திரும்புவதால் அந்தக் கரை உங்கள் பக்கமும் வரும்.

தண்ணீரில் நட்டுவைத்தது போல நிற்கும் பட்ட மரங்கள்தான் தேக்கடியின் அடையாளம். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். நூற்றிமுப்பது வருஷமாக எப்படி நிற்கின்றன என்றால், தண்ணீருக்கடியில் காற்று இல்லாததால் மரத்தைத் தின்னும் பூஞ்சை அங்கே பிழைக்காது. தண்ணீர் ஏறி இறங்கும் மேல்பகுதிதான் உளுத்து உதிர்கிறது. மட்டம் கூடினால் இந்தக் கட்டைகள் பல கண்ணுக்குத் தெரியாமல் முங்கிக் கிடக்கும். ஸ்ராங்கு, அதாவது படகோட்டி, நேராகப் போகாமல் வளைந்து வளைந்து ஓட்டுவது அதனால்தான். "அந்தக் கரைக்குக் கிட்டக்கப் போங்க" என்று அவரை நச்சரிக்க வேண்டாம். அணை அரசியலையும் படகில் எடுக்க வேண்டாம். இரண்டு மாநிலத்து ஆட்களும் அதே பலகையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒவ்வொரு கட்டையையும் உச்சியிலிருந்து தண்ணீர் வரை கண்ணால் தடவி இறங்குங்கள். உச்சியில் சிறகை விரித்துக் காயப்போட்டபடி கறுப்புப் பறவை நின்றால் அது நீர்க்காகம் அல்லது பாம்புத்தாரா. அலகைப் பாருங்கள்: நுனி கொக்கியாக வளைந்திருந்தால் நீர்க்காகம், ஊசிபோல நேராக இருந்தால் பாம்புத்தாரா. இரண்டின் இறகும் நனையும்; அதனால்தான் ஆழத்துக்கு முங்க முடிகிறது, அதனால்தான் பிறகு காயவும் வேண்டியிருக்கிறது. பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு முழுக்க அடியில் இருக்கும். கழுத்து மட்டும் வெளியே நீண்டு ஒடிந்து ஒடிந்து நகரும். "பாம்பு, பாம்பு" என்று படகில் யாராவது ஒருவர் கத்தாமல் இருக்க மாட்டார். மீனைக் கவ்வாது, குத்தும். குத்திய மீனைத் தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாக விழுங்குகிற அந்த ஒரு நொடிக்காகக் கேமராவைத் தயாராக வைத்திருக்கலாம். கட்டையின் அடியில், தண்ணீரை ஒட்டி, ஆமை வெயில் காயும்.

கரையில் விலங்கைத் தேடும்போது புல்லும் மரமும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை உண்ணிக்கொக்கு கூட்டமாக ஒரு இடத்தைச் சுற்றினால் அங்கே மேயும் விலங்கு இருக்கிறது. நகராத கரும்பாறையில் கீழே மட்டும் வெள்ளைத் தெரிந்தால் அது பாறை இல்லை; முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் மாட்டியது போல வெளுத்திருப்பது காட்டுமாடு. யானை நின்றால் காது ஆடும். தந்தம் இல்லாததையெல்லாம் பெட்டை என்று எண்ண வேண்டாம். தந்தமில்லா ஆணும் உண்டு. தந்தத்துக்காக வேட்டையாடிய காலத்தின் பலனாக இங்கே கொம்பன், அதாவது தந்தமுள்ள ஆண், குறைவு. புலியை எதிர்பார்த்து ஏறாதீர்கள், ஏமாற்றம்தான்.

பைனாகுலர் 8-க்கு 42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். பெரிதாக்கும் திறன் 10-க்கு மேல் போனால் மோட்டார் அதிர்வில் காட்சி துள்ளும். கேமராவைப் படகின் கைப்பிடியில் வைத்து எடுக்காதீர்கள், அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்து, ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு மேல் வையுங்கள்.

தெப்பத்தில் ஒரு நாள்

தெப்பக் குழுவின் வழிகாட்டிகளில் பலர் ஒருகாலத்தில் இதே காட்டில் வயணா என்கிற காட்டு லவங்க மரப்பட்டை திருடியவர்கள், வேட்டையாடியவர்கள். 1990-களின் இறுதியில் வனத்துறை அவர்களைச் சூழல் மேம்பாட்டுக் குழுக்களாகச் சேர்த்துக் காவலுக்கும் வழிகாட்டலுக்கும் மாற்றியது. எந்த ஓடைக்கு எந்த நேரம் எது வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பெரும்பாலும் தமிழ் பேசுவார்கள். "அண்ணே, நேத்து யானை எந்தப் பக்கம் எறங்குச்சு?" என்று கிளம்பும்போதே கேளுங்கள், கேட்கிறவர்களுக்கு மெனக்கெட்டுக் காட்டுவார்கள்.

கிளம்புமுன் அட்டைப்பூச்சி சாக்ஸ் தருவார்கள். முழங்கால் வரை வரும் துணி உறை அது. உங்கள் சாக்ஸுக்கு மேலே, பேன்ட்டையும் உள்ளே விட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பேன்ட் வெளியே தொங்கினால் போட்டும் பிரயோசனமில்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ், குடைக்குப் பதில் மழைக்கோட்டு. பச்சை, காக்கி, மண்நிறத் துணி. சென்ட் வேண்டாம். சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பதியும்போதே பாருங்கள்.

தெப்பம் என்பது மூங்கில்களை அடுக்கிக் கட்டிய பரப்பு. இடைவெளியில் தண்ணீர் மேலே வரும், கால் நனைந்தே தீரும். அதனால் போனையும் சாவியையும் காலடியில் வைக்கக் கூடாது. வலது இடது எடை சமமாக வரும்படி வழிகாட்டி சொல்கிற இடத்தில் உட்காருங்கள், கனமானவர்கள் நடுவில். துடுப்பை உங்களிடமும் கொடுப்பார்கள். தண்ணீரை அடிக்காமல் உள்ளே விட்டு இழுங்கள். சத்தம் வந்தால் நீர்நாய் போய்விடும். நீர்நாயைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் பிடிக்கும்: பறவை கத்துவது போன்ற கீச்சொலி, பிறகு தண்ணீரில் வரிசையாக நாலைந்து தலை. மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் தெப்பம் நகர மறுக்கும். திரும்ப நேரமாகும் என்று மனதில் வைத்துக் கடைசி பஸ்ஸைக் கணக்குப் போடுங்கள்.

நடையில் வழிகாட்டி கை உயர்த்தினால் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே நில்லுங்கள். யானை என்றால் பின்வாங்கச் சொல்வார். படம் எடுக்க ஒரு அடி முன்னே வைக்கிறவரால்தான் மற்ற ஒன்பது பேரும் ஓட வேண்டி வரும்.

அட்டை கடித்தால் பிய்க்காதீர்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் தானே விழும். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைக் கடிவாயில் விடுவதால் கொஞ்ச நேரம் ஒழுகும். துணி வைத்து அழுத்தினால் போதும். திரும்பி வந்ததும் சாக்ஸை உள்பக்கம் திருப்பி உதறுங்கள், கால்விரல் இடுக்கையும் பேன்ட் மடிப்பையும் பாருங்கள். இல்லாவிட்டால் லோயர் கேம்ப் இறக்கத்தில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் எழுப்பி, உங்கள் காலைக் காட்டுவார்.