தெளிப்புச் சுடர்: கருவி காட்டுவது தீயா, துளியா?

நாசில் வழியே மண்ணெண்ணெயைத் தெளித்து எரியவைத்து, சுடர் எப்படி அமைந்திருக்கிறது என்று ஆராயும் சோதனைகளில் பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. காஸ் அடுப்புச் சுடரில் இருப்பது வாயு மட்டும். இங்கே தீக்குள்ளேயே எரியாத திரவமும் பறந்துகொண்டிருக்கிறது. கருவி எதைப் பார்த்தது என்று கேட்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் கதையே மாறிவிடும்.

இரண்டு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்து வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளை எடுத்துக்கொள்வோம். சுடரின் நடுவில் அது குறைந்த வெப்பநிலையைக் காட்டினால், உடனே ‘இங்கே எரிப்பு இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆவியாகும் துளிகள் வெப்பத்தை உறிஞ்சும். ஆனால் முனையில் ஒட்டிய துளி காயும்வரை, கருவி மண்ணெண்ணெயின் கொதிநிலையான 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரம்பிலேயே தங்கிவிட்டாலும் சராசரி இப்படித்தான் இறங்கும். மெல்லிய கம்பி போட்டு, நேரத்தோடு ஏறி இறங்கும் கோட்டைப் பாருங்கள். துளி பட்டால் சட்டென்று ஒரு பள்ளம் விழும். சரி, ஈரம் படாத முனையை நம்பலாமா? அதுவும் குளிர்ந்த சுவர்களை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கிறது. தடித்த முனையில் இந்தப் பிழை நூறு டிகிரியைத் தாண்டும். பிளாட்டினம் கம்பியோ தன் மேற்பரப்பில் வினையைத் தூண்டிக் கூட்டிக் காட்டும், அதற்குத்தான் சிலிக்கா பூச்சு. ஒன்று குறைக்கிறது, இன்னொன்று கூட்டுகிறது, கணக்கு நேராகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

துளி அளவை மட்டும் தண்ணீரில் அளந்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு எழுதுவது இன்னொரு வழக்கம். தண்ணீரின் பரப்பு இழுவிசை ஏறக்குறைய மூன்று மடங்கு. துளி வேறுமாதிரிதான் உடையும். எரியும்போது அளந்தாலும் ஒரு பொறி உண்டு. நாசிலிலிருந்து விலகப் போகப் போக சராசரி விட்டம் பெரிதானால், துளிகள் ஒன்றுசேர்கின்றன என்று தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு: துளியின் ஆயுள் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மைக்ரான் துளி, 100 மைக்ரான் துளியின் ஆயுளில் நூறில் ஒரு பங்கிலேயே தீர்ந்துவிடும். சிறியவை மறைய, பெரியவை மட்டும் எஞ்சி நிற்கின்றன.

பக்கவாட்டில் எடுத்த புகைப்படத்தைச் சுடரின் வரைபடமாக நினைக்க வேண்டாம். மஞ்சள் ஒளி சூடான புகைக்கரியுடையது. வினை நடக்கும் இடம் அதுவல்ல. தவிர, கேமரா முன்னும் பின்னும் உள்ள ஒளியைக் கூட்டிவிடுவதால் உள்ளே வெற்றாக இருக்கும் சுடரும் நிறைந்ததாகத் தெரியும். தாள்போல விரித்த லேசரால் வெட்டிப் பார்த்துத்தான், அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் டெக் 1997இல், எஞ்சினுக்குள் பீய்ச்சப்படும் டீசல் தாரை எப்படி எரிகிறது என்ற படத்தைத் திருத்தி எழுதினார். திரவம் நாசிலுக்கு அருகிலேயே ஆவியாகிவிடுகிறது. எரிபொருளும் காற்றும் சந்திக்கும் இடத்தில் எரியும் பரவல் சுடர் ஓரத்தில் மெல்லிய தோலாக நிற்கிறது. கரியோ உள்ளே முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே சாதாரண அழுத்தத்தில் எரியும் பர்னருக்குத் தூக்கிவருவதும் தவறுதான். பர்னரில் எஞ்சினைப்போல சூடான, அடர்ந்த காற்று இல்லை. பெரிய துளிகள் சுடரைத் தாண்டியும் போகும்.

எரியும்போது உருவாகும் ஹைட்ராக்சிலை (OH) லேசரால் ஒளிரவைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 283 நானோமீட்டரில் தூண்டி 310க்கு அருகே படம் எடுக்கும்போது, மண்ணெண்ணெயில் உள்ள அரோமாட்டிக் (பென்சீன் வளையம் கொண்ட) சேர்மங்களும் ஒளிரும். ஹைட்ராக்சில் ஒளிராதபடி லேசரின் அலைநீளத்தைக் கொஞ்சம் விலக்கி இன்னொரு படம் எடுங்கள். அதிலும் அப்படியே மிளிரும் இடங்கள் ஹைட்ராக்சில் அல்ல. மீதியிலும், எரிந்து முடிந்த சூடான வாயுவில் ஹைட்ராக்சில் வெகுநேரம் தங்கும் என்பதால், பளிச்சென்ற பரப்பை விட்டுவிட்டு அதன் விளிம்பைப் பாருங்கள்.