அம்மம்மாட சாறியில ஒரு 1950 கவுண்: திருமலை (திருகோணமலை) வெக்கைக்கு ஏத்த மாதிரி தைக்கிறது எப்பிடி

பழைய காலத்து உடுப்பு எண்டு இன்ரநெற்ல தேடினா வாறதில பாதி வெறும் வேஷம்தான். புள்ளி போட்ட பொலியஸ்ரர் துணி, இடுப்பில இலாஸ்ரிக், முதுகில பிளாஸ்ரிக் சிப், மேல ஒரு சிவப்பு பெல்ற், அவ்வளவுதான், விலைய மட்டும் கேக்காதீங்கோ. புள்ளிய வைச்சு ஒரு காலத்தையும் காட்ட ஏலாது. காலம் தெரியிறது வெட்டுலதான், இடுப்பு எங்க நிக்குது, கைக்குழி எவ்வளவு உயரத்தில இருக்கு, பாவாடை எப்பிடி விழுது எண்டதிலதான். இந்த வெட்டு தெரிஞ்ச ஆள் உங்கட ஒழுங்கையிலயே இருக்கிறா, சாறிச் சட்டை தைக்கிற அக்கா.

துணிய வெட்ட முதல் வருசத்த முடிவெடுங்கோ. 40களும் 50களும் ஒண்டில்ல. எங்கட துறைமுகத்தில ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9, அந்த நேரம் இங்கிலாந்தில உடுப்புக்கும் பங்கீட்டுக் கூப்பன், 1941 ஜூன்ல தொடங்கினது 1949 மார்ச் வரைக்கும் நிண்டது. துணி மிச்சம் பிடிக்க வேண்டி இருந்தபடியா பாவாடை ஒடுக்கம், முழங்கால் மட்டம், பொத்தான் மடிப்பெல்லாம் எண்ணி வைச்சது, தோளுக்குள்ள பஞ்சு வைச்சு நிமித்தினது. பிறகு 1947 பெப்ரவரி 12 பரிஸில கிறிஸ்ரியன் டியோர் எண்ட உடுப்பு வடிவமைப்பாளர் தன்ர முதல் தொகுப்பைக் காட்டினார், அதோட எல்லாம் தலைகீழ், தோள் சரிஞ்சுது, இடுப்பு இறுகிச்சுது, பாவாடை கெண்டைக்கால் வரைக்கும் இறங்கி யார்க்கணக்கில துணிய விழுங்கிச்சுது. ஒரே உடுப்பில தோள்பஞ்சையும் வட்டப் பாவாடையையும் சேத்து வைக்காதீங்கோ, ரெண்டுங்கெட்டானா நிக்கும். நான் சொல்லுவன் திருமலைக்கு 50கள்ல பகல்ல போட்ட பருத்திக் கவுண்தான் சரி. தோளுக்குள்ள பஞ்சு வைச்சுக்கொண்டு ஓகஸ்ட் மாசம் கச்சான் காத்தில பஸ் ஸ்ராண்டில நிண்டு பாருங்கோ, அப்ப விளங்கும்.

துணி. அம்மம்மாட அலுமாரியில இருக்கிற பருத்திச் சாறி எண்டா முதல் வெளிச்சத்துக்கு முன்னால விரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ. வருசக்கணக்கா மடிச்சு வைச்ச மடிப்புக் கோட்டுலதான் இழை முதல் விடும். அந்தக் கோட்டை ரெண்டு பெருவிரலால பிடிச்சு மெதுவா இழுங்கோ, பொருபொரு எண்டு சத்தம் கேட்டா அது உடுப்புக்கு ஆகாது, தலகாணி உறைக்கும் ஆகாது. பட்டெண்டா இன்னும் கவனம், பழைய பட்டு மடிப்பு மடிப்பா வெடிச்சிருக்கும். இன்னொண்டு, நல்லா இருக்கிற சாறிய வெட்டாதீங்கோ, தயவு செய்து. கீழ்க்கரை கிழிஞ்சது, முந்தானை போனது, கறை பட்டது இதுகளை எடுங்கோ. ஊசி குத்தி வைச்ச இடத்தில துருக்கறை இருந்தா எலுமிச்சம்புளியும் உப்பும் தடவி வெயில்ல வைக்க மங்கும், ஆனா வெள்ளைத் துணிக்கு மட்டும், நிறத்துணியில செய்தா நிறமும் சேந்து போயிடும். சாறி இல்லாட்டி ரவுணுக்குள்ள புடவைக்கடையில பொப்ளின், லோன், வொயில் எண்ட பருத்தித் துணிகளைக் கேளுங்கோ, இல்லாட்டி மருதமுனைக் கைத்தறி. பூப்போட்ட சீத்தை எண்டா சின்னப் பூவா எடுங்கோ. எதுவெண்டாலும் வெட்ட முதல் ஒருக்கா தண்ணியில ஊறப்போட்டு காயவிட்டு அயன் பண்ணுங்கோ, பருத்தி சுருங்கிற சுருக்கத்தை தைக்க முதலே சுருங்கட்டும்.

இப்ப முக்கியமான விசயம். 50களின்ர கவுணுக்கு மேல்பாதி எண்டது உங்கட சாறிச் சட்டையை இடுப்பு வரைக்கும் இறக்கினதுதான். டாட்ஸ், அதாவது உடம்புக்கு ஏத்த மாதிரி பிடிச்சுத் தைக்கிற கூர்மடிப்பு, அதே, உடம்போட ஒட்டுற வெட்டு அதே. அதால வெளிநாட்டு பற்றனுக்கு (வெட்டுறதுக்கு வைக்கிற கடதாசி அச்சு) காசு குடுக்க முதல் உங்களுக்கு நல்லாப் பொருந்துற சட்டை ஒண்டை எடுத்துக்கொண்டு தையல் அக்காட்ட போங்கோ. அவ கேப்பா, "என்ன பிள்ளை, இவ்வளவு கீழ இறக்கினா சாறி உடுக்கேக்க அசிங்கமா இருக்காதே?" எண்டு. "சாறிக்கில்ல அக்கா, கவுணுக்கு, கீழ பாவாடை சேத்துத் தைக்கப்போறன்" எண்டு சொல்லிப்போட்டு மூண்டு மாற்றம் சொல்லுங்கோ. முதலாவது, முன்னுக்கு ஹுக் வேண்டாம், முன்பக்கம் ஒரே துண்டா வரவேணும், திறக்கிறது இடது பக்கம் கக்கத்துக்குக் கீழ. ரெண்டாவது, சட்டை மாதிரி மூச்சு முட்ட வேண்டாம், மார்பில ஒரு ரெண்டு இஞ்சி, இடுப்பில ஒரு இஞ்சி தளர்வு. மூண்டாவது, கைக்குழிய இறக்க விடாதீங்கோ. தளர்வா இருக்கட்டும் எண்டு நல்ல மனசோட இறக்கிவிடுவினம், ஆனா கைக்குழி உயர நிண்டாத்தான் கையைத் தூக்கேக்க முழுக்கவுணும் சேந்து மேல வராது, பழைய உடுப்பு போட்டா லேசா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

இடுப்பை எங்க அளக்கிறது எண்டதில கனபேர் பிழை விடுறவை. ஜீன்ஸ் நிக்கிற இடம் இடுப்பில்ல. ஒரு நூலை வயித்தைச் சுத்திக் கட்டிப்போட்டு இடது பக்கம் வலது பக்கம் சரியுங்கோ, நூல் தானாப் போய் நிக்கிற இடம், பெரும்பாலும் தொப்புளுக்கு மேல, அதுதான். பழைய பற்றன் உறை கையில கிடைச்சாலும் சைஸ் நம்பரைப் பாத்து மயங்கி விழாதீங்கோ, 50களின்ர தொடக்கத்தில சைஸ் 14 எண்டா மார்பு 32 இஞ்சிதான், இண்டைய நம்பரோட அது ஒத்து வராது, உறையில போட்டிருக்கிற இஞ்சியை மட்டும் பாருங்கோ.

பாவாடைக்கு வாறன். கரை வைச்ச சாறியெண்டா வட்டப் பாவாடையை மறந்துடுங்கோ, வட்டத்தின்ர கீழ் விளிம்பு வளைவு, கரை நேர்கோடு, ரெண்டும் சேராது. கரைச் சாறிக்கு சுருக்குப் பாவாடை, அதுவும் அந்தக் காலத்துதான், கரை கீழ வரத்தக்கதா 29 இஞ்சி உயரத்துக்கு வெட்டி, இடுப்புச் சுத்தளவைப்போல மூண்டு மடங்கு நீளம் எடுத்து மேல சுருக்கினா சரி. கரைக்கு மடிச்சுத் தைக்கிற வேலையும் மிச்சம்.

கரை இல்லாத துணியெண்டா முழுவட்டம். கணக்கு லேசு: இடுப்பளவோட ஒரு இஞ்சி கூட்டி 6.28ஆல பிரியுங்கோ. இடுப்பு 28 எண்டா 29ஐப் பிரிக்க 4.6 இஞ்சி வரும், அதுதான் நடுப்புள்ளியில இருந்து தையல் கோட்டுக்கு உள்ள தூரம். வெட்டுறது அதுக்கு அரை இஞ்சி உள்ளுக்கு, இதை மாறி வெளியால வெட்டினா இடுப்பு மூண்டு இஞ்சிக்கு மேல பெருத்துப்போகும், பிறகு அழுது வேலையில்ல. 27 இஞ்சி நீளப் பாவாடைக்கு மடிப்பும் சேத்து வெளி ஆரை 33 கிட்ட வரும். துணி 45 இஞ்சி அகலமெண்டா ரெண்டு அரைவட்டமா வெட்டுங்கோ, நேர்ப்பக்கம் துணியின்ர ஓரத்தோட, ஆனா ஓரத்தில இருந்து அரை இஞ்சி தள்ளி நடுப்புள்ளியை வையுங்கோ, பக்கத்தையல் அதைச் சாப்பிடும். நூல் ஒரு துண்டு, ஒரு நுனியில ஊசி, மற்ற நுனியில சோக்கட்டி, நிலத்தில விரிச்சு வட்டம் கீறலாம். ஒரு அரைவட்டத்துக்கு 67 இஞ்சி நீளம் போகும், ரெண்டுக்கும் மூண்டே முக்கால் யார், மேல்பாதிக்கு ஒண்டரை, ஆக அஞ்சு மீற்றர் வாங்கினா காணும். வளைவுக்கு வெளியால மிஞ்சிற மூலைத் துணியை எறியாதீங்கோ, கையும் கழுத்துப் பட்டியும் அதில வந்திடும். பஃப் கை வைக்கிறதெண்டா சுருக்கு முழுக்க தோள் உச்சியில வரட்டும், கீழ தொங்கினா அது வேற காலம்.

வெட்டின பாவாடையை உடன மடிச்சுத் தைக்காதீங்கோ. மேல்பாதியோட சேத்துத் தைச்சு ஹாங்கர்ல ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கோ, ரெண்டு நாள் எண்டா இன்னும் நல்லம். வட்டத்தில சில இடம் துணி குறுக்காப் போகும், அந்த இடமெல்லாம் தன் பாரத்தில இறங்கும், எங்கட ஈரக் காத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடவே இறங்கும். பிறகு போட்டுக்கொண்டு நேரா நில்லுங்கோ, வேற ஆள் நிலத்தில இருந்து அடிமட்டம் வைச்சு சுத்திவர ஒரே உயரத்தில சோக் கோடு போடவேணும். நீங்களே குனிஞ்சு பாத்தா கோடு சரிஞ்சிடும், தங்கச்சியையோ மச்சாளையோ கூப்பிடுங்கோ. மடிப்பு அரை இஞ்சிக்கு மேல வேண்டாம், வளைவில அகல மடிப்பு சுருங்கி நிக்கும்.

இடுப்புத் தையலோட உள்பக்கம் ஒரு பருத்தி நாடா வைச்சுத் தையுங்கோ, பாவாடைப் பாரம் மேல்பாதியை இழுக்காம நாடா தாங்கும். சிப் சாதாரண சிப்தான், மறையிற சிப் போட்டீங்களெண்டா பாக்கிறவைக்கு உடன விளங்கிடும் இது இப்பத்தைய வேலை எண்டு. ஒரு பக்கத் துணி சிப்பை மூடத்தக்கதா வைச்சு, கடைசித் தையலை கையால சின்னச் சின்னப் புள்ளியா போடுங்கோ. பழைய ஆக்கள் பாவிச்ச உலோகச் சிப் எடுப்பாத்தான் இருக்கும், ஆனா கடற்காத்துக்குப் பச்சை பிடிக்கும், மெழுகுதிரி தேய்ச்சு வையுங்கோ.

வீட்டில கறுப்புச் சிங்கர் கைமெசின் ஒண்டு கிடந்தா இதுக்கு அதைவிட நல்ல மெசின் இல்ல, ஒவ்வொரு தையலாப் போடலாம். மெசின்ர சீரியல் நம்பர் E இல்லாட்டி F எழுத்தில தொடங்கினா அது ஸ்கொட்லாந்து கிளைட்பாங்க் தொழிற்சாலையில செய்தது. இறுகிக் கிடந்தா மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, துடைச்சு, பிறகு மெசின் எண்ணெய் விடுங்கோ. தேங்காயெண்ணெய் விடவே கூடாது, பிசினாப் பிடிச்சிடும். வொயிலுக்கு 11ஆம் நம்பர் ஊசி, பொப்ளினுக்கு 14.

பாவாடை விரிஞ்சு நிக்கிறதுக்கு நைலோன் நெற் உள்பாவாடை எண்டு சொல்லுவினம். இந்தச் சூட்டில அது தொடையைக் கடிச்சு எடுத்துடும். பருத்தியில அடுக்கடுக்கா சுருக்கு வைச்ச உள்பாவாடை ஒண்டு தைச்சு சோத்துக் கஞ்சியில முக்கி வெயில்ல காயவிட்டு, லேசா ஈரம் தெளிச்சு அயன் பண்ணுங்கோ, விறைப்பா நிக்கும். வேர்வை பட்டா ஒரு பின்னேரத்தில தொய்ஞ்சிடும், அதுக்கு என்ன செய்யிறது, அந்தப் பின்னேரம் போதும்.

போட்டோ எடுக்க எல்லாரும் பிரெட்ரிக் கோட்டைக்குத்தான் ஓடுறது. போங்கோ, ஆனா உள்ளுக்கு ஆமி இருக்கு, முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீங்கோ. மானுகள் கிட்ட வரும், தொப்பி ஓலையால பின்னினதெண்டா தலையில வைச்சுக்கொண்டே நில்லுங்கோ, கீழ வைச்சா உங்களுக்கில்ல. டச்சுக்குடாப் பக்கம் போனா காத்து வட்டப் பாவாடையைக் குடையாத் தூக்கும், மடிப்புக்குள்ள நாலு இடத்தில சின்னச் சின்ன பாரம் வைச்சுத் தைச்சுவிட்டா மானம் தப்பும்.

மார்கழி மழைக்கு முதல் எடுத்து வைக்கேக்க கஞ்சியை முழுக்கத் தோய்ச்சு எடுத்துப்போட்டுத்தான் வைக்கவேணும், கஞ்சி இருந்தா கரப்பானும் இராமபாணப் பூச்சியும் துணியோட சேத்துத் தின்னும். குண்டூசி ஒண்டும் விடாதீங்கோ. மடிப்பை ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்தி மடியுங்கோ.